பயற்றுக்கு மூட்டம் போட்டவன்

எருக்கங்கட்டளையில் விதைநெல்லுக்கு மூட்டம் போட மருதையனை விட்டால் ஆள் கிடையாது. இதை அவன் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லவும் வராது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசச் சொன்னால் அவனுக்கு வேர்த்துவிடும். ஆனால் வயதிலும் வாயிலும் அவனைவிடப் பெரியவர்கள் பத்துப் பேர் பண்ணையில் இருந்தும், மேட்டூர் திறந்தாயிற்று, ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று செய்தி வந்தால், காரியக்காரர் கோவிந்தராசு முதலில் ஆள் விட்டுக் கூப்பிடுவது அவனைத்தான்.

மூட்டம் போடுவது பார்க்கிறவர்களுக்குச் சுலபமான வேலையாகத்தான் தெரியும். ஒரு பகலும் ஓர் இரவும் வாய்க்காலில் ஊறிய விதைமூட்டையைத் தூக்கி, நீர் வடியவிட்டு, வைக்கோல் பரப்பின்மேல் அடுக்கி, மேலேயும் வைக்கோலைப் போட்டுக் கல்லை ஏற்றி இறுக்குவார்கள். உள்ளே சூடு பிறக்கும். அந்தச் சூட்டில்தான் நெல் வெள்ளை மூக்கை வெளியே நீட்டும். சூடு போதாவிட்டால் முளை வராது. அதிகமானால் விதை வெந்து, புளித்த கள் நாற்றம் அடிக்கும். மருதையன் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுவான். கண்ணை மூடுவான். "இன்னும் ரெண்டு நாழி போவட்டும்" என்பான். அவ்வளவுதான். இரண்டு நாழி கழித்துப் பிரித்தால் மணிமணியாக முளை நிற்கும்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பண்ணை அவனுக்குத் தந்தது மற்றவர்களுக்குத் தந்த அதே கூலி. கூடுதலாக, "நீ கைராசிக்காரன்டா" என்று ஒரு வார்த்தை. வார்த்தையை உலையில் போட்டால் பொங்குமா என்ன?

கழக ஆட்சி வந்து நாலாவது கோடை அது. பண்ணையாருக்கு ஆட்சி மாறியதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. மாறிய மாதமே தோள்துண்டின் கரையை மாற்றிக்கொண்டுவிட்டார். மந்திரி வந்தால் மாலை போட முதல் ஆளாக நின்றார். களத்தில் அளக்கிற கூலி மட்டும் மாறவில்லை. தெற்குத்தெருவில் இருபத்து மூன்று வீடு. அந்த இருபத்து மூன்று வீட்டுக்கும் செங்கொடிச் சங்கத்தில் தலைவர் ரெத்தினம். நாற்பது வயது, ஒல்லி உடம்பு, அதிகாரிகள் முன்னால்கூட உட்கார்ந்து பேசுகிற பழக்கம். அன்றாடக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கொடுங்கள் என்று அவர் கேட்டார். அரைக் கைப்பிடிகூட முடியாது என்றார் பண்ணையார். வைகாசித் தொடக்கத்தில் தெரு மொத்தமும் வேலைக்குப் போவதை நிறுத்தியது.

பண்ணையார் லேசுப்பட்டவரா? வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். களத்தில் போலீஸ் கூடாரம் முளைத்தது. தெற்குத்தெரு ஆட்கள் பண்ணை வரப்பில் கால் வைத்தால் கேஸ் என்று தமுக்கு அடித்தார்கள். வரப்பில் கால் வைக்க முடியாவிட்டால் கீரை கிடையாது, நண்டு கிடையாது, வாய்க்கால் மீனும் கிடையாது. தெருவில் இருந்த முருங்கை மரம் ஒன்றே ஒன்று. இருபத்து மூன்று வீட்டுக்காரர்களும் பறித்ததில் பத்தே நாளில் அது மொட்டைக் கம்பாக நின்றது. பழைய நெல்லில் கஞ்சி, அதற்கு உப்பும் காய்ந்த மிளகாயும். ஒரு மாதம் இதே சாப்பாடு என்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

மருதையனின் மனைவி செவ்வந்திக்கு அப்போது ஏழாவது மாதம் தொடங்கியிருந்தது. இது மூன்றாவது. முதலாவது ஏழாம் மாதத்திலேயே போயிற்று. இரண்டாவது பிறந்து, அழாமலே போயிற்று. அதனால் வீட்டில் இந்தக் குழந்தையைப் பற்றி இருவரும் பேசுவதே இல்லை. பேசினால் கண் பட்டுவிடும் என்று அவளுக்குப் பயம். பேசினால் அழுதுவிடுவோம் என்று அவனுக்குப் பயம்.

ஒருநாள் காலையில் செவ்வந்தி கரித்தூளால் பல் துலக்கிவிட்டுத் துப்பியபோது எச்சில் சிவப்பாக விழுந்தது. ஈறு வீங்கிப் பஞ்சு போல இருந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே காலில் அங்கங்கே கன்றிப்போய் நீலம் பாரித்தது. குடத்தைத் தூக்கினால் நாலடி நடப்பதற்குள் உட்கார்ந்துவிடுவாள். "ஒண்ணுமில்லங்க, அசதி" என்றாள். மருதையன் குடத்தை வாங்கிக்கொண்டான்.

வியாழக்கிழமைகளில் கூத்தாநல்லூரிலிருந்து நர்ஸ் கமருன்னிஸா வருவாள். முப்பது வயது இருக்கும். கறுப்புக் குடை, வெள்ளைச் சேலை, வெண்ணாற்றங்கரையோடு நாலு மைல் நடை. அந்த வாரம் போலீஸ்காரர் ஒருவர் அவளை நிறுத்தி, "அங்க எங்கம்மா போறீங்க, கலவரக்காரங்க தெரு" என்றாராம். "கலவரக்காரங்களுக்கும் பத்து மாசத்துலதான் பொறக்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். தெருவுக்குள் வந்தால் கேட்டு வாங்கித் தண்ணீர் குடிக்கிற ஒரே சர்க்கார் ஆள் அவள். அதனாலேயே அவள் சொன்னால் தெரு கேட்டது.

செவ்வந்தியின் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள். கால் நீலத்தைத் தடவிப் பார்த்தாள்.

"பழச்சத்து இல்லாத வியாதிம்மா இது. ஆரஞ்சு, சாத்துக்குடி, கொய்யா, நெல்லிக்கா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அந்த ஒற்றை அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். காலி அடுக்குப் பானைகள், அணைந்து கிடந்த அடுப்பு. பேச்சை அப்படியே நிறுத்திக்கொண்டாள். பிறகு, "பச்சப்பயறு இருக்கா?" என்று கேட்டாள்.

சித்திரையில் பண்ணை வயலில் பயறு பறித்த கூலியில் மூன்று படி மிச்சம் வைத்திருந்தாள் செவ்வந்தி. எடுத்துக் காட்டினாள்.

"அல்லாவே, இது போதுமே! காஞ்ச பயறுல அந்தச் சத்து இல்ல. ஆனா முளை விட்டுச்சுன்னா தானா வந்து சேந்துரும். பழத்துல இருக்குற அதே சத்து. கஞ்சில இருக்குற இரும்புச் சத்தும் அதோட சேந்தாத்தான் ஒடம்புல ஒட்டும். செமிக்கறதும் சுளுவு, வயிறு உப்பாது. தெனம் ஒரு கைப்பிடி முளைகட்டிக் குடுங்க. எப்படின்னா..."

மருதையன் சிரித்தான். வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல்முறை.

"முளைகட்டறதா நர்சம்மா? அத எனக்கா சொல்றீங்க?"

"பண்ணைக்கே இவருதான் மூட்டம் போடுவாருங்க" என்றாள் செவ்வந்தி. அவளுக்கும் முகம் மலர்ந்துபோயிற்று.

வாத்தியாருக்கே பாடமா என்று கமருன்னிஸாவும் சிரித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் செய்த தப்பு அது. அவன் செய்த தப்பு அதைவிடப் பெரிது.

ஒரு படிப் பயற்றைச் சாக்கில் கட்டி, நெல்லை ஊறவைக்கிற மாதிரியே ஒரு பகலும் ஓர் இரவும் ஊறவைத்தான். வடித்தான். வீட்டு மூலையில் வைக்கோலைப் பரப்பினான், சாக்கை வைத்தான், மேலும் வைக்கோலைப் போட்டான், அம்மிக்கல்லைத் தூக்கி மேலே ஏற்றினான். மறுநாள் கையை உள்ளே விட்டான். கதகதவென்று சூடு. "நல்லா எடுக்குது" என்றான். அதற்கு அடுத்த நாள் பிரித்தான்.

உள்ளே பாதிப் பயறு கூழாகிக் கிடந்தது. மேலே நுரை. மூக்கைத் துளைக்கிற புளிச்ச நாற்றம். ஆனாலும் அங்கங்கே முளையும் இருந்தது. இருந்த மூன்று படியில் ஒரு படி இது. வீசியெறிய அவனுக்கு மனசு வரவில்லை. முளை விட்டதையெல்லாம் பொறுக்கித் தெருவோரத்து வாய்க்கால் தண்ணீரில் அலசிக் கொடுத்தான். செவ்வந்தி முகத்தைச் சுளிக்காமல் தின்றாள். புருஷன் கைப்பட்ட மூட்டம் தப்பாகுமா என்ற நம்பிக்கைதான்.

சாயங்காலம் வாந்தி தொடங்கியது. பிறகு வயிற்றுப்போக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சுருண்டதைப் பார்த்ததும் மருதையன் ஓட்டம் பிடித்தான். நாலு மைலும் நிற்கவில்லை. கமருன்னிஸா வீட்டு வாசலில் போய் நின்று, பேசத் தெரியாத அந்த மனிதன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னான். சாக்கு, வைக்கோல், அம்மிக்கல், வாய்க்கால் தண்ணீர் எதையும் விடவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அவனுக்கு முன்னால் நடந்தாள்.

உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தார்கள். செவ்வந்தியின் வயிற்றில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள் கமருன்னிஸா. அந்த நேரம் முழுக்க மருதையன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கு. நல்லா ஓடுது" என்றாள் கடைசியில்.

மருதையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். விடியும்வரை இருந்து, செவ்வந்தி கண்ணயர்ந்த பிறகுதான் நர்ஸ் அவனைப் பிடித்தாள்.

"ஏங்க, உங்க நெல்லு மண்ணுக்குப் போறது. இது வயித்துக்குப் போறது. ரெண்டுக்கும் ஒரே மூட்டமா? நெல்லுக்கு இறுக்கணும், சூடு வேணும். பயறுக்குக் காத்து வேணும், சுத்தம் வேணும். சூட்டுல வெச்சு அமுக்குனா முளையோட கிருமியும்ல வளரும்! தப்பு என்னோடதுதான். நீங்க சிரிச்சாலும் முறையச் சொல்லிட்டுப் போயிருக்கணும்."

பிறகு முறையைச் சொன்னாள். இம்முறை அவன் வாயே திறக்காமல் கேட்டான். ஒரு கைப்பிடி மட்டும் எடு. கல், சொத்தை, உடைசல் பொறுக்கு. நாலு தண்ணீர் கழுவு, மிதக்கிறதை எடுத்துப் போடு. சாயங்காலம் ஊறவைத்தால் காலையில் வடித்துவிடு, அதற்குமேல் ஊறக்கூடாது. கொதிக்கவைத்து ஆறின தண்ணீரில் அலசு. வெந்நீரில் துவைத்த வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்து, வெயில் படாமல் காற்றுப் படுகிற இடத்தில் தொங்கவிடு. காலையும் மாலையும் அவிழ்த்து அலசி வடிகட்டு. ஒன்றரை நாளில் முளை வரும். பிசுபிசுத்தாலோ நாறினாலோ யோசிக்காமல் கொட்டு. மற்றவர்கள் பச்சையாகத் தின்னலாம், பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் நன்றாக ஆவி காட்டியே கொடு. கிருமி சாகணும், பயறு குழையக்கூடாது. குழைந்தால் சத்து போய்விடும்.

மருதையன் தன் வேட்டியில் கிழியாத பக்கமாகப் பார்த்து ஒரு முழம் கிழித்தான். வடக்குப் பார்த்த சந்தில், உத்தரத்தில் முடிச்சைத் தொங்கவிட்டான். கையை உள்ளே விட்டுச் சூடு பார்க்கிற பழக்கத்தை அடக்கத்தான் மிகவும் கஷ்டப்பட்டான். கை தானாகப் போகும், பாதியில் இழுத்துக்கொள்வான். செவ்வந்தி படுத்தபடியே பார்த்துச் சிரிப்பாள். இரண்டாம் நாள் காலையில் முடிச்சை அவிழ்த்தபோது, துணியின் இழைகளையே துளைத்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று முளைகள் நின்றன. முகர்ந்து பார்த்தான். மழை பெய்த வயல் வாசனை மட்டும்தான் வந்தது. ஆவி காட்டி, உப்புப் போட்டுக் கொடுத்தான்.

செவ்வந்தி பயந்து பயந்து ஒன்றை வாயில் போட்டாள். "இனிக்குதுங்க" என்றாள்.

தினமும் ஒரு கைப்பிடி. ஒரு முடிச்சு அவிழும்போது இன்னொரு முடிச்சு தொங்கும். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, செவ்வந்தி பல் துலக்கித் துப்பிவிட்டு அப்படியே நின்றாள். எச்சில் எச்சிலாகவே இருந்தது. அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். துப்பியதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட புருஷன் பெண்டாட்டி இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டார்கள். கால் நீலம் மஞ்சளாகி மறையத் தொடங்கியது. குடத்தோடு கிணற்றிலிருந்து ஒரே நடையாக வீடு வந்தாள். வயிற்றுக்குள் இருந்ததும் நன்றாக உதைத்தது.

ஆனால் டப்பாவில் பயறு இறங்கிக்கொண்டே வந்தது. ஆனி முடிகிற சமயத்தில் ஒரே ஒரு கைப்பிடிதான் மிச்சம்.

பண்ணையிலும் நிலைமை சரியில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்து நாளாயிற்று, குறுவைப் பருவம் கைநழுவிக்கொண்டிருந்தது. வெளியூர் ஆட்கள் போட்ட மூட்டம் இரண்டுமுறை வெந்துபோயிற்று. ஆடுதுறை இருபத்தேழு, தேடிப்பிடித்து வாங்கிய விதை, குப்பைக்குழிக்குப் போயிற்று. மீதி இருப்பது கடைசி விதை. இதுவும் கெட்டால் இந்தப் போகமே இல்லை.

அன்று பிற்பகல் கோவிந்தராசு, ஆற்றங்கரைப் புளியமரத்தடியில் மருதையனை மடக்கினார். எப்போதும் 'டேய்' போடுகிறவர் அன்றைக்கு, "மருதையா, வாப்பா" என்றார். அந்த 'ப்பா'வைக் கேட்டதுமே அவனுக்குப் பகீர் என்றது.

"ரெண்டு நாள் வந்து கைய வெச்சுட்டுப் போ. ஒருத்தருக்கும் தெரிய வேணாம். ஒம்பொண்டாட்டி நிலைமை எனக்குத் தெரியும். ஐயா காரு அனுப்புறேங்குறாரு. தஞ்சாவூரு பெரிய ஆஸ்பத்திரிலயே வெச்சுப் பிரசவம் பாக்கலாம். டானிக்கு, பழம், எல்லாம் நம்ம பொறுப்பு. ஏற்கெனவே ரெண்டு போயிருச்சு உனக்கு. மூணாவதயும் கொடி புடிச்சுக்கிட்டே பறிகொடுக்கப் போறியா?"

மருதையன், "நாளைக்குச் சொல்றேங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து செவ்வந்தியிடம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். "போங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு, "போவாதீங்கன்னும் என்னால சொல்ல முடியலங்க" என்றாள். சொல்லிவிட்டு வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

மருதையன் டப்பாவைத் திறந்து அந்தக் கடைசிக் கைப்பிடியைப் பார்த்தான். கல் பொறுக்கினான், கழுவினான், ஊறவைத்தான். "நாளைக்குக் காலம்பற நீயே வடிச்சு முடிஞ்சுக்க" என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளில் அவளை அவன் பயற்றைத் தொடவிட்டதே இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. முடிவு அப்படித்தான் ஆகிவிட்டது. விடிந்ததும் அவன் பண்ணைக்குப் போகப் போகிறான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ரெத்தினமும் இன்னும் ஆறு பேரும் வந்து வாசலில் நின்றார்கள்.

புளியமரத்தடிப் பேச்சை யாரோ பார்த்திருந்தார்கள். அது மட்டும் என்றால் விட்டிருப்பார்கள். முன்னே அந்த வீட்டிலிருந்து மூட்டம் புளித்த நாற்றம் அடித்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் கவனித்திருந்தார். ஈர வைக்கோலைக் கொல்லையில் கொட்டியதைப் பார்த்தவர் இன்னொருவர். பிறகு நாள் தவறாமல் காலையும் மாலையும் அலசின தண்ணீர் கொல்லையில் ஓடுகிறது. விதைக்கு மூட்டம் போடுகிறவன் வீட்டில் இது எதைக் காட்டும்?

"மருதையா, பண்ணை வெதைய ஊட்டுல வெச்சு முளைகட்டுறன்னு பேச்சு வருது" என்றார் ரெத்தினம். "நான் நம்பல. ஆனா பாத்துட்டுத்தான் போவணும்."

மருதையனுக்கு வேர்த்துக் கொட்டியது. வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. நிரபராதி என்றால் சட்டென்று வார்த்தை வந்திருக்கும். அவன் நெஞ்சில்தான் விடியற்காலைப் பயணம் உட்கார்ந்திருந்ததே!

செவ்வந்திதான் எழுந்து வந்தாள். முந்தின நாளே கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்த முடிச்சை எட்டி இழுத்து, அவர்கள் முன்னால் அவிழ்த்துக் கொட்டினாள்.

"இந்தாங்க, பண்ணை வெத. எண்ணி எடுத்துட்டுப் போங்க!"

தரையில் ஒரு கைப்பிடி முளைப்பயறு கிடந்தது. ஏழு ஆம்பிளைகளும் அதையே பார்த்தார்கள். அவள் விடவில்லை. உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினாள், முட்டிவரை சேலையை ஒதுக்கிக் காலைக் காட்டினாள், நர்ஸ் சொன்னது, மூட்டம் புளித்தது, வாந்தி எடுத்தது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "எம் புள்ளைக்கு மருந்துங்க இது. இன்னும் ஒரு கைப்பிடியோட இதுவும் தீந்துது" என்றாள்.

"எங்கூட்டுலயும் ஈறுல ரெத்தம் வருது" என்றார் வந்தவர்களில் ஒருவர், மெதுவாக. இன்னொருவர் தம் பிள்ளைக்கும் என்றார். ரெத்தினம் குனிந்து, தரையில் கிடந்த முளைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, ஊதி, துணியில் போட்டுச் செவ்வந்தி கையில் கொடுத்தார். மருதையனை ஒருமுறை பார்த்தார். பிறகு ஏழு பேரும் போய்விட்டார்கள்.

கிழக்கு வெளுக்கும்போது மருதையன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படலைத் திறந்தான். வாசலில் ரெத்தினம் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு முறம். முறத்தில் பச்சைப்பயறும் கொஞ்சம் கொள்ளும் கலந்து, இரண்டு படி இருக்கும். ஒரே வயலில் விளைந்ததில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. புதுசும் பழசும் சிறுசும் பெருசுமாக இருபத்திரண்டு வீட்டு டப்பாக்களின் அடி.

"ஒம்பொண்டாட்டிக்கு. அப்புறம் தெருவுக்கும் கட்டக் கத்துக் குடு. அம்மிக்கல்ல மட்டும் தூக்கி வெக்காத" என்றார்.

மருதையன் தலைத்துண்டை அவிழ்த்தான். முறத்தின் முன்னால் உட்கார்ந்து கல் பொறுக்கத் தொடங்கினான்.

அதற்கப்புறம் தெருவே மாறிப்போயிற்று. வீட்டுக்கு வீடு சந்தில் ஈரமுடிச்சு தொங்கியது. மருதையன் காலையும் மாலையும் ஒவ்வொரு வீடாகப் போய் முகர்ந்து பார்ப்பான். "சரியா அலசல, கொட்டு" என்பான், அல்லது தலையை ஆட்டுவான். அதிகம் பேசத் தேவைப்படாத வேலை என்பதால் அவனுக்கு ஒத்துவந்தது. அடுத்த வியாழன் கமருன்னிஸா வந்து கையோடு இரண்டு படிப் பயறும் கொடுத்தாள். கூத்தாநல்லூரில் தெரிந்த கடைகளில் கேட்டு வாங்கியதாம். என்னடா இது வீட்டுக்கு வீடு பொட்டலம் தொங்குகிறதே என்று ஒரு போலீஸ்காரர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, தமக்கும் வாய்ப்புண் தொந்தரவு இருக்கிறது என்றார். அவருக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தனுப்பினார்கள்.

பண்ணையின் கடைசி விதையும் வெந்தது. ஆடி நடுவில் தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை. கேட்டது அரைப்படி, வந்தது கால்படி. வெற்றி என்று ரெத்தினம் கூட்டத்தில் முழங்கினார், வீட்டுக்கு வந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனாலும் கூடாரம் போயிற்று, லாரி போயிற்று, வரப்பில் கால் வைக்க முடிந்தது. சம்பாவுக்கு மருதையன்தான் மூட்டம் போட்டான். கோவிந்தராசு மறுபடி 'டேய்' என்றார்.

ஆவணி கடைசியில், நல்ல பகல் பொழுதில், செவ்வந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெளியே மருதையன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுகை கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், கேட்கவே கூடாது என்று பொத்தியிருந்தான். கமருன்னிஸாதான் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "தெருவே கேக்குது, உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். கேட்டது. வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் ரெத்தினம் குழந்தையைப் பார்க்க வந்தார். கையில் சீனிப் பொட்டலம். வாசலில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அன்னைக்கு ஏழு பேரா வந்து நின்னோம். ஒன்ன சந்தேகப்பட்டுட்டோம். மனசுல வெச்சுக்காத மருதையா" என்றார்.

மருதையனால் அதைத் தாங்க முடியவில்லை. இரண்டு மாதமாக ஒவ்வொரு வீட்டு முடிச்சை அவிழ்க்கும்போதும் அவனைக் குத்திக்கொண்டிருந்தது அதுதான். அந்தப் பயற்றைத் தின்னத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தே பெண்டாட்டிக்குக் கொடுத்திருந்தான்.

"அண்ணே" என்றான். வேர்த்தது. "நீங்க சந்தேகப்பட்டது சரிதாண்ணே. பொய்யா நடிச்சு ஒங்க பயற வாங்கிட்டேன். அன்னைக்கு விடியக்காலம்பற நான் பண்ணைக்குத்தான் கெளம்புனேன். படலத் தொறக்கறப்ப அதுக்குத்தான் தொறந்தேன்."

உள்ளே குழந்தை சிணுங்கியது, செவ்வந்தி தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"தெரியும்டா" என்றார் ரெத்தினம்.

மருதையன் நிமிர்ந்தான்.

"முத நாளு ஒம் மூஞ்சியிலயே தெரிஞ்சுபோச்சு. சந்தேகம் தீந்து போச்சுன்னா பயறு கொண்டாந்தோம்? தீரலன்னுதான் கொண்டாந்தோம். ஒன்ன அடிச்சு நிறுத்தணும்னு ரெண்டு பேரு சொன்னாங்க. எங்கூட்டுக்காரிதான் டப்பாவத் தட்டிக் கவுத்தா. 'அந்தப் பொண்ணுக்குத் திங்க இருந்தா அந்த ஆளு ஏன் போவப் போறாரு'ன்னா. வூடு வூடா அவதான் முறத்த எடுத்துக்கிட்டுப் போனா."

மருதையன் தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தேற்றுகிறேன் பேர்வழி என்று ரெத்தினம் ஒன்றும் செய்யவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "புள்ளயக் கொண்டாந்து காட்டுறியா, இல்ல இப்பிடியே உக்காந்திருக்கணுமா?" என்றார்.

அவன் எழுந்து உள்ளே போனான். குழந்தையைத் துணியோடு அள்ளி எடுத்து வந்து, தானே இன்னும் சரியாகத் தூக்கிப் பார்க்காத பிள்ளையை, அவர் கையில் கொடுத்தான்.